கெளவர் பில்லைத் தேடி ஒரு மே மாதப் பயணம்

மே மாத வெயிலில் கோலார் தங்கவயலுக்கு யாரும் ஊர் பார்க்கப் போவதில்லை. நான் வேண்டுமென்றேதான் மே முதல் வாரத்தைத் தேர்ந்தெடுத்தேன். நான் தேடிப் போனது ஒரு செடி. அது மே மாதத்திலும் பச்சையாக நிற்குமா என்பதுதான் கேள்வி. டிசம்பரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து பெருமை பேசுவதில் அர்த்தமில்லை.

அந்தச் செடி கிளாவர். தரையோடு படரும். ஒரு காம்புக்கு மூன்று இலை, ஒவ்வொரு இலையிலும் வெளிறிய பிறை போல ஒரு கோடு, உச்சியில் வெள்ளை உருண்டைப் பூ. மாட்டுத் தீவனத்துக்காக விதைத்து வளர்க்கும் பெர்சீம் என்ற வகை ஒரு பருவத்தோடு முடிந்துவிடும். நான் சொல்வது தானாகப் படர்ந்து ஆண்டுக்கணக்கில் வாழும் காட்டு வகை. குளிர்நாட்டுச் செடி. சுரங்கக் காலத்தில் ஆபீசர்களின் புல்வெளிகளுக்காகத் தங்கவயலுக்கு வந்தது.

என் கணவர் அங்கே வைண்டிங் என்ஜின் டிரைவர். ஆட்களை ஏற்றிக்கொண்டு சுரங்கத்துக்குள் இறங்கும் கேஜை மேலிருந்து இயக்குகிற வேலை. சுரங்கம் மூடியபின் நாங்கள் பெங்களூருக்குக் குடிவந்தபோது, வீட்டுச் சாமான்களோடு ஒரு பிஸ்கட் டின்னில் இந்தச் செடியையும் எடுத்து வந்தார். பிரேசர் டவுன் வீட்டுக் கொய்யா மரத்தடியில் அது பாய் விரித்தாற்போலப் படர்ந்தது. அவர் அதைக் "கெளவர்" என்பார். நான் "கிளாவர்" என்று திருத்துவேன். கான்வென்டில் உச்சரிப்புக்குப் பரிசு வாங்கியவள் நான்; காதில் விழுவதைச் சும்மா விட முடியாது. அவர் சிரித்துக்கொண்டு மறுநாளும் "கெளவர்" என்பார். அவர் போய் ஆறு வருடம் ஆகிறது.

போன வருடம் நான் கோயம்புத்தூரில் மகள் வீட்டில் இருந்தபோது, அம்மா வழுக்கி விழக் கூடாதே என்ற அக்கறையில் என் மகன் முற்றம் முழுவதும் இன்டர்லாக் கல் பதித்துவிட்டான். திரும்பி வந்து பார்த்தால் கொய்யா மரம் மட்டும் கல்லுக்கு நடுவே நின்றது. நர்சரியில் கிளாவர் விதை என்று வாங்கித் தொட்டிகளில் விதைத்தேன். ஜனவரியில் அழகாக வந்தது, ஏப்ரலில் செத்தது. அதை இந்த வலைப்பூவில் எழுதினேன். ஒரு வாசகர் மிகவும் மரியாதையாகப் பதில் எழுதினார்: தங்கவயல் வெயிலில் கிளாவர் வருடக்கணக்கில் வாழ வாய்ப்பே இல்லை, உங்கள் வீட்டில் இருந்தது புளியாரையாக இருக்கும், வயதான காலத்தில் இப்படிக் குழம்புவது சகஜம்.

முதல் இரண்டு விஷயங்களுக்காவது விவாதம் உண்டு. மூன்றாவதற்காகத்தான் நான் ரயில் ஏறினேன்.

புளியாரையை எனக்கு நன்றாகத் தெரியும். பள்ளியில் மார்ச் மாதம் அயர்லாந்துப் புனிதர் ஒருவரின் திருநாள் வரும். அன்று எங்கள் சிஸ்டர்கள் மூவிலை ஒன்றை உடையில் குத்திக்கொள்ள வேண்டும். கிளாவர் கைக்குக் கிடைக்காவிட்டால் நாங்கள் சுவரோரத்துப் புளியாரையைப் பறித்துக் கொடுப்போம். அவர்கள் குத்திக்கொள்வார்கள், மிஞ்சியதை நாங்கள் தின்போம். புளியாரையின் இலை இதய வடிவம், பூ மஞ்சள், வாயில் போட்டால் புளிக்கும். கிளாவர் இலை முட்டை வடிவம், புளிக்காது. பத்து வயதுப் பெண்ணே பிரித்துச் சொல்லிவிடுவாள். ஆனால் என்னிடம் காட்ட ஒரு இலைகூட மிச்சமில்லை. தங்கவயலில் அது அழிந்திருந்தால் என் சொல்லுக்குச் சாட்சி இல்லை, அவர் வைத்த செடிக்கு வாரிசும் இல்லை.

இனி பயணம். கன்டோன்மென்ட் நிலையத்தில் காலை வண்டி. மாரிக்குப்பம் போகும் வண்டியா என்று பார்த்து ஏறுங்கள். எல்லா வண்டியும் பங்காருபேட்டையிலிருந்து தங்கவயல் பக்கம் திரும்பாது. கட்டணம் முப்பது ரூபாய்க்குள். தங்கவயல்காரர்கள் காலையில் பெங்களூருக்கு வேலைக்கு வந்து இரவு திரும்புகிறவர்கள். அதனால் நாம் எதிர்த்திசையில் போகும்போது ஜன்னலோரம் கேட்காமலே கிடைக்கும். மாலையில் அதே வழியாகத் திரும்பவும் அப்படித்தான். பயண நேரம் இரண்டரை மணி. பங்காருபேட்டையில் வண்டி நின்று யோசிக்கும். வடை வாங்க நேரம் இருக்கிறது. வடைக்காரர் எனக்கு முன்னால் இருந்தவரிடம் கன்னடத்தில் சில்லறை கேட்டார், பக்கத்து அம்மாளிடம் தெலுங்கில், என்னிடம் தமிழில். முகத்தைப் பார்த்தே மொழியை மாற்றுகிற ஊர் எங்களுடையது.

மாரிக்குப்பத்துக்கு முந்தைய நிலையமான சாம்பியனில் இறங்கினேன். வெளியே நின்ற ஆட்டோவின் டிரைவர் பெயர் ஆரோக்கியம், ஐம்பது வயது இருக்கும். மதியம் மூன்று வரைக்கும் அறுநூறு ரூபாய் என்று பேசிக்கொண்டோம். எதற்கு வந்தேன் என்பதை, அந்த வாசகர் எழுதியதையும் சேர்த்து, அவரிடம் சொன்னேன். ராபர்ட்சன்பேட்டையில் ஒரு மெஸ்ஸில் இட்லி சாப்பிட்டேன். அவரையும் சாப்பிடச் சொன்னேன். வெறும் வயிற்றோடு என்னை யாரும் ஓட்டிக்கொண்டு போவது எனக்குப் பிடிக்காது.

முதலில் ஒரு பழைய ஆபீசர் பங்களா. பெரிய புல்வெளி இருந்த இடத்தில் சீமைக் கருவேலம். காவல்காரர் நல்ல மனிதர். கிளாவர் என்றதும் "தெரியுமே" என்று மதிலோரம் அழைத்துப் போய்ப் புளியாரையைக் காட்டினார். அடுத்தது சர்ச் வளாகம். அங்கே தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறவர், தொட்டியில் வளரும் புளியாரையைக் காட்டினார். மூன்றாவதாக ராபர்ட்சன்பேட்டையில் ஒரு நர்சரி. அவர்கள் ஊதா நிறத்தில் இருந்த ஒன்றைக் காட்டி, இம்போர்ட்டட் கிளாவர், நூற்றிருபது என்றார்கள். கிள்ளி வாயில் போட்டேன். புளித்தது.

ஆரோக்கியமும் ஒரு இலையைக் கிள்ளித் தின்றார்.

"நல்லாத்தான் கீது மேடம். தொகையல் அரைக்கலாம். இத்தையே எடுத்துகினு போயிடுங்களேன்."

"எனக்கு வேண்டியது துவையல் இல்லை."

"மூணு எல கீது, பச்சையா கீது. எழுதுன அந்தாளு இன்னா உங்க வூட்டாண்ட வந்து துன்னு பாக்கப் போறாரா?"

"நான் பார்ப்பேன் இல்லையா?"

அதன்பிறகு அவர் அந்த யோசனையைச் சொல்லவில்லை.

மணி பன்னிரண்டைத் தாண்டியது. தங்கத்தைப் பிரித்தெடுத்தபின் கொட்டிய சயனைடு மண்மேட்டுப் பக்கத்திலிருந்து காற்று வெள்ளைத் தூசியைக் கிளப்பிக்கொண்டு வந்தது. ஒரு வேப்ப மரத்தடியில் ஆட்டோவை நிறுத்தி நீர்மோர் குடித்தோம். மூன்று இடமும் முடிந்துவிட்டது. ஒரு செடி அழிந்துபோவது பெரிய செய்தி இல்லை, இங்கே எவ்வளவோ போய்விட்டது என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். மனம் கேட்கவில்லை. எரிச்சலில்தான் அதைச் சொன்னேன்.

"என் வீட்டுக்காரர் ஒரு நாள்கூட அதன் பெயரைச் சரியாகச் சொன்னதில்லை. சாகிற வரைக்கும் கெளவர், கெளவர் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்."

ஆரோக்கியம் டம்ளரைக் கீழே வைத்தார்.

"கெளவர் பில்லா?"

"என்ன?"

"கெளவர் பில்லும்மா. அத்த மொதல்லயே சொல்லக் கூடாதா? கிளாவரு, கிளாவருன்னு கான்வென்ட் மாதிரி கேட்டா எவனுக்குத் தெரியும்? எங்க பெரியம்மா வூட்டு லைன்ல கீது. மாட்டுக்குப் போடுவாங்க."

காலையிலிருந்து என்னை மேடம் என்று கூப்பிட்டவர் அப்போதுதான் அம்மா என்றார்.

எங்கள் ஊர் வாயில் கிழவர் என்பது கெளவர். புல் என்பது பில்லு. கிழவர் புல். என் கணவர் தவறாக உச்சரிக்கவில்லை. லைனில் அதற்கு இருந்த பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார். லைன் என்றால் சுரங்கத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். அவர் அங்கே பிறந்தவர். நான் ஆஸ்பத்திரி ஹெட் கம்பவுண்டரின் மகள், குவார்ட்டர்ஸில் பிறந்தவள். இரண்டுக்கும் நடுவே ஒரு சாலைதான், ஆனாலும் அந்தப் பெயர் அதைத் தாண்டி எங்கள் பக்கம் வரவில்லை. கிளாவர் என்ற உச்சரிப்பு சரி என்பதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. அவர் விளக்கிச் சொல்லியிருக்கலாம். முப்பத்தொன்பது வருடம் சிரித்துக்கொண்டு இருந்துவிட்டார்.

மைசூர் மைன்ஸ் பக்கத்தில் ஒரு லைன். ராபர்ட்சன்பேட்டையிலிருந்து ஆட்டோவில் கால் மணி நேரம். தாழ்ந்த ஓட்டு வீடுகள், வாசலில் வண்ணம் அடித்த தண்ணீர் டிரம்கள். ஆரோக்கியத்தின் பெரியம்மா இப்போது இல்லை. அவர் மருமகள் நவநீதம் இருக்கிறார். அறுபது வயது, இரண்டு மாடு, ஒரு கன்றுக்குட்டி. வீட்டுக்குப் பின்னால் குளியல் தண்ணீர் ஓடிப் போகும் வழியில், முருங்கை நிழலில், அது இருந்தது.

இரண்டு கட்டில் போடும் அளவுக்குப் பச்சை. நான் குனிந்து ஒரு இலையைத் திருப்பினேன். பிறைக் கோடு தெரிந்தது. மென்று பார்த்தேன், புளிக்கவில்லை. தண்ணீர் தேங்கும் இடத்தில் பாதி பழுப்பாகிப் போன ஒரே ஒரு வெள்ளைப் பூ. மே மாதம், வெயில் உச்சியில். அந்த வாசகர் மட்டும் அப்போது என் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும்.

நான் செய்த தவறு, உடனே பையிலிருந்து அளவு டேப்பை எடுத்தது. எத்தனை அடி படர்ந்திருக்கிறது என்று வாசகர்களுக்குச் சரியாகச் சொல்ல வேண்டும் அல்லவா? நான்கு பக்கமும் போட்டோவும் எடுத்தேன். நிமிர்ந்தால் நவநீதத்தோடு இன்னும் மூன்று பெண்கள் நின்றிருந்தார்கள். யார் முகத்திலும் சிரிப்பு இல்லை.

"இன்னாக்கா, சர்வேயா?" என்றார் நவநீதம்.

"இல்லம்மா. செடியைத்தான் அளந்தேன்."

"செடிய அளக்க பெங்களூர்லருந்து வந்தீங்களா? போன தபா ரெண்டு பேரு வந்தாங்க. அவங்களும் இத்தையேதான் சொன்னாங்க, சும்மா அளக்குறோம்னு."

இந்த வீடுகளில் இருப்பவர்களுக்கு வீட்டைப் பற்றிய கவலை எப்போதும் உண்டு. யார் டேப்போடு வந்தாலும் காலி செய்யச் சொல்ல வந்தவர் என்றே நினைப்பார்கள். எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். அங்கே போகிறவர்கள் தயவுசெய்து டேப்பை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

டேப்பை ஆரோக்கியத்திடம் கொடுத்து ஆட்டோவில் வைக்கச் சொன்னேன். போட்டோக்களை நவநீதத்திடம் காட்டினேன். வீட்டுச் சுவர் விழுந்திருந்த இரண்டை அவர் கண்ணெதிரிலேயே அழித்தேன். நானும் இந்த ஊர்தான், என் வீட்டுக்காரர் மைன்ஸில் இருந்தவர் என்றேன்.

"எந்த ஷாஃப்ட்டு?"

எந்தச் சுரங்கக் குழி என்பதுதான் தங்கவயல்காரர்கள் ஒருவரை ஒருவர் அடையாளம் கேட்கும் முதல் கேள்வி. சொன்னேன். வைண்டிங் டிரைவர் என்றும் சொன்னேன்.

"ஆளு ஏறினா எத்தினி பெல்லு?" என்று கேட்டார் நவநீதம். கேஜை இயக்கச் சொல்லி டிரைவருக்கு அடிக்கும் மணி அது. அவர் கண் என் முகத்திலேயே இருந்தது.

"மூணு."

"நிறுத்தறதுக்கு?"

"ஒண்ணு."

மற்ற மூன்று பெண்களும் வாசல் பக்கம் போய்விட்டார்கள். நவநீதம் ஒரு பிளாஸ்டிக் முக்காலியை எடுத்து வந்து என் பக்கத்தில் போட்டார்.

"குந்துக்கா. எங்க வூட்டுக்காரரும் அந்த கேஜ்ல போய் வந்தவருதான். அந்த பெல்லு கேட்டாதான் எங்க மாமியா சோறு வடிப்பாங்க."

அதன்பின் செடியின் கதை வந்தது. லைனில் அந்தக் காலத்தில் மாடுகளை இரவில் அவிழ்த்து விடுவார்கள். அவை ஆபீசர்களின் புல்வெளியில் போய் மேய்ந்துவிட்டு விடியும்முன் திரும்பிவிடும். நவநீதத்தின் மாமியாருடைய மாட்டுக்கு மட்டும் திரும்பி வர மனம் வராது. வெள்ளைப் பூ இருக்கும் இடத்திலேயே படுத்துக்கொள்ளும். அதைப் பிடித்து மாட்டுப் பவுண்டில் அடைப்பார்கள். மாமியார் ஒவ்வொரு முறையும் பைன் கட்டி மீட்டு வருவார். சாணத்தை எல்லோரையும் போலக் கொல்லையில் குவித்தார்கள். அடுத்த மழைக்கு அந்தக் குவியலிலிருந்து முளைத்தது கெளவர் பில்லு. கிளாவரின் விதைத்தோல் தடித்தது; மாட்டின் வயிற்றைத் தாண்டியும் சில விதைகள் முளைக்கும் என்பது உண்மைதான். ஆக இந்தச் செடிக்கு லைன்காரர்கள் அப்போதே பைன் கட்டிவிட்டார்கள்.

"கெளவர் என்று ஏன் பெயர் வந்தது தெரியுமா?" என்று கேட்டேன். நானே விளக்குவதற்காகத்தான் கேட்டேன்.

"பூவப் பாரேன், நரைச்ச தலையாட்டம். அதான் கெளவரு."

"இல்லம்மா. இங்கிலீஷில் இதன் பெயரே கிளாவர். அதுதான் உங்கள் வாயில் கெளவர் ஆகிவிட்டது."

நவநீதம் ஒப்புக்கொள்ளவில்லை.

"வெள்ளக்காரனுக்கு நம்ம பேச்சு வாயில வராதுக்கா. நாம கெளவருன்னத அவன் கிளாவருன்னுட்டுப் போயிருப்பான்."

ஆரோக்கியம் முகத்தைத் திருப்பிக்கொண்டார், தோள் குலுங்கியது. எனக்குப் பதில் தெரியும். ஆனால் அந்த இடத்தில் சொல்லத் தோன்றவில்லை.

செடி வேண்டும் என்று கேட்டதும் நவநீதத்தின் முகம் மாறியது. வேரோடு பிடுங்கினால் திரும்ப வராது, கோடையில் கன்றுக்குட்டிக்கு இது ஒன்றுதான் பச்சை என்றார். அது நியாயம். பிடுங்க வேண்டியதில்லை, ஓடுகிற தண்டில் கணுவுக்குக் கணு வேர் விட்டிருக்கும், ஓரத்தில் நீளமாக ஓடியதை மட்டும் கத்தரித்தால் நடுப்பகுதி இன்னும் அடர்த்தியாகும் என்று விளக்கினேன். பெங்களூரில் அதை வருடாவருடம் வெட்டி வளர்த்தவள் நான். அவர் நம்பவில்லை. கொல்லையின் ஒரு மூலையைக் காட்டி, அங்கே ஒரு சாண் வெட்டிக் காட்டச் சொன்னார். மண்டியிட்டு வெட்டினேன். மண்டியிட்டு எழுந்திருக்க எனக்கு இரண்டு பேர் வேண்டும். இரண்டு பேரும் இருந்தார்கள். வெட்டிய தண்டின் அடியில் வெள்ளை வேர்கள் தொங்கின. அதில் கடுகு போல உருண்டைகள் இருந்தன. மண்ணுக்கு உரம் சேர்க்கும் உருண்டைகள் அவை. அதையும் காட்டினேன்.

"அப்ப இன்னும் ரெண்டு எடுத்துக்க" என்றார் நவநீதம். "ஆனா சரியா பேரச் சொல்லிக் கேளு."

என்னைப் பேர் சரியாகச் சொல்லச் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

"கெளவர் பில்லு குடுங்க" என்றேன்.

கணுவும் வேரும் உள்ள எட்டுத் துண்டுகள் வெட்டினேன். இலைகளைப் பாதிக்கு மேல் கிள்ளிவிட்டேன், வெயில் காலத்தில் வேருக்கு அந்தச் சுமை கூடாது. ஈரச் சாக்கில் சுற்றி டிபன் கேரியருக்குள் வைத்தேன். திரும்பும் வண்டியில் இரண்டு முறை திறந்து தண்ணீர் தெளித்தேன். எதிரில் இருந்தவர் என்ன குழம்பு என்று கேட்டார்.

வளர்க்க நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். செம்மண், மணல், மக்கிய சாணம் சம அளவு போதும். காலை வெயிலும் மதிய நிழலும் உள்ள இடம் பாருங்கள். முதல் இரண்டு வாரம் மண் காயவும் கூடாது, சேறாகவும் கூடாது. பெங்களூர், ஓசூர் போன்ற மேட்டு நிலங்களில் வரும். சென்னையிலும் வேலூரிலும் முயன்று மனம் வருந்தாதீர்கள். கோடை தொடங்கும்முன் மூன்று விரல் உயரத்துக்கு வெட்டிவிடுங்கள். வெட்டியது மரத்தடிக்குப் போர்வை. மாட்டுக்குப் போடுவதானால் ராகித் தாளோடு கலந்து போடுங்கள். பனி ஈரத்தோடு வெறும் கிளாவரை வயிறு முட்டத் தின்றால் வயிறு உப்பிவிடும், மாடு செத்தும் போகலாம். நவநீதம் இதை அனுபவத்தில் தெரிந்து வைத்திருக்கிறார், நான் படித்துத் தெரிந்து வைத்திருந்தேன். இருவரும் ஒரே நேரத்தில் இதைச் சொன்னோம். பூவை நிழலில் உலர்த்தி வெந்நீரில் போட்டுக் குடிக்கலாம், லேசான இனிப்பு. மண்மேட்டுக்குப் பக்கத்தில் வளரும் எதையும் பறித்துத் தின்ன வேண்டாம். அந்த மேட்டின்மேல் போட்டோவுக்காக ஏறவும் வேண்டாம்.

தங்கவயலுக்குப் போகிறவர்கள் சுரங்கத்தின் இரும்புக் கோபுரத்தைப் பார்த்து, மூடிப்போன ஊர் என்று எழுதிவிட்டு வருகிறார்கள். ஆபீசர்கள் கத்தரித்து, தண்ணீர் விட்டு, வேலி போட்டுக் காத்த புல்வெளியில் நான் கிளாவரைப் பார்க்கவில்லை. குளித்த தண்ணீரைக் குடித்து லைனில் அது நிற்கிறது, மே மாதத்தில். அது எங்கள் ஊர்ச் செடி என்று சொல்ல இதைவிட என்ன தகுதி வேண்டும்? போட்டோவை அந்த வாசகருக்கு அனுப்பியிருக்கிறேன், தேதியோடு. அவர் இன்னும் பதில் எழுதவில்லை. அவசரமில்லை, வயதான காலத்தில் எனக்குப் பொறுமை இருக்கிறது.

எட்டுத் துண்டுகளில் ஐந்து பிழைத்தன. ஜூன் மழையில் புது இலை விரிந்தது. மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடப்பாரையோடு வந்து கொய்யா மரத்தைச் சுற்றி மூன்று வரிசைக் கல்லைப் பெயர்த்தான். மண்ணைக் கிளறி, ஐந்தையும் நான் காட்டிய இடத்தில் நட்டான். நான் செடியின் பெயரை எழுதி வைத்திருந்த பலகையைக் குச்சியில் கட்டும்போதுதான் படித்தான்.

"அம்மா, கிளாவரைத் தப்பாக எழுதியிருக்கீங்க."

"தப்பில்லை" என்றேன். "நேராக நடு."